சுண்ணாம்பும் வெட்டிவேரும்: அல்சூர் செம்மண்ணின் கதை

ஹாங்காங்கில் மலைச்சரிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்களின் கையேட்டில் ஒரு சொல் அடிக்கடி வரும்: 'சுனாம்'. சரிவின் மேல் பூசும் காரைக்குப் பெயர். இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் சீன நண்பர் ஒருவர் அதைத் தன் மொழிச் சொல் என்றே நினைத்து எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். அது நம்ம சுண்ணம், சுண்ணாம்பு. (சமஸ்கிருதத்தில் சூர்ணம் என்பதுதான் அதற்கும் மூலம் என்று அகராதிக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் ஆங்கிலேயர் வாயில் அது ஏறியது தெற்கே நம் ஊர்ப்பக்கம்தான்.) பிறகு சில வருடங்கள் கழித்து, அதே சரிவுகளில் காரையை உரித்துவிட்டுப் பச்சை வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது இன்னொரு சொல் காகிதங்களில் வர ஆரம்பித்தது: 'வெட்டிவர்'. அதுவும் தமிழ். வெட்டி எடுக்கும் வேர்.

மண், செடி, மழை மூன்றும் சேர்ந்து ஒரு சரிவை எப்படி நிறுத்துகின்றன, எப்படிச் சாய்க்கின்றன என்பதுதான் என் பிழைப்பு. அந்தத் துறையில் உலகம் முழுக்கப் புழங்கும் இரண்டு தமிழ்ச் சொற்களில் ஒன்று மண்ணை மூடுவது, இன்னொன்று மண்ணில் வேர் விடுவது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சண்டைதான் இந்தத் துறையின் பாதி வரலாறு. அந்த வரலாற்றை நான் பிறந்த அல்சூரிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளம்தான், காப்பி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

அல்சூர் தெரியாதவர்களுக்காக: பெங்களூரின் கிழக்கே, எம்.ஜி. ரோடு முடிந்து இறங்கும் இடம். கன்னடத்தில் ஹலசூரு. ஹலசு என்றால் பலா. பலாத்தோப்பு இருந்த ஊர் என்பது வழிவழியாகச் சொல்லும் பெயர்க்காரணம். ஆங்கிலேயர் அதை அல்சூர் ஆக்கினார்கள், தமிழர்கள் நாமும் அப்படியே பிடித்துக்கொண்டோம். சோமேஸ்வரர் கோயில், ஏரி, பக்கத்தில் மதராஸ் சேப்பர்ஸ் படை முகாம், தெருவெல்லாம் தமிழ். ஏரிக்கரையில் துணி போர்த்தியபடி 18 வருடம் நின்று, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை பற்றி நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். அந்த அரசியலுக்குள் இப்போது போகவில்லை. சிலைக்குக் கீழே இருக்கும் மண்ணைப் பற்றித்தான் பேச்சு.

அந்த மண் செம்மண். அதற்குத் தாய், லால்பாக்கில் குன்றாக நிற்கிறதே அந்தப் பாறை. சுமார் 300 கோடி வருட வயது. 1916இல் ஸ்மீத் என்பவர் அதற்கு 'தீபகற்ப நைஸ்' என்று பெயர் வைத்தார். அந்தப் பாறை மழையிலும் வெயிலிலும் லட்சக்கணக்கான வருடம் ஊறி, மட்கி, இரும்பு துருப்பிடித்துச் சிவந்ததுதான் நம் காலில் ஒட்டும் செம்மண். அதில் இருக்கும் களி பெரும்பாலும் கயோலினைட் வகை. ரொம்ப சாது. தண்ணீர் பட்டால் பெரிதாக உப்பாது. நம் கோயம்புத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் அப்படியில்லை. அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் களி தண்ணீரைக் குடித்து உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும்.

இது எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிமையான சோதனை ஒன்று உண்டு. சலித்த உலர்ந்த மண் 10 கிராம் எடுத்து இரண்டு அளவுக் குடுவைகளில் போட வேண்டும். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். ஒரு நாள் விட்டு, அடியில் படிந்த மண் எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது. தண்ணீரில் அதைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு நின்றால், அது வீட்டைத் தூக்கும் மண். இந்திய அறிவியல் கழகத்தில் களிமண்ணுக்கே வாழ்க்கையைக் கொடுத்த பேராசிரியர் ஏ. ஸ்ரீதரனும் கே. பிரகாஷும் 2000இல் இந்த விகிதத்தை வைத்துத்தான் மண்ணை வகை பிரித்துக் கொடுத்தார்கள். ஊரில் மனை வாங்கும் வாசகர்கள் பத்திரத்தைப் பத்து முறை படிக்கிறீர்கள், மண்ணை ஒரு தடவையாவது குடுவையில் போட்டுப் பாருங்கள் :-)

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1537இல் கெம்பே கௌடர் பெங்களூரைக் கட்டியபோது கோட்டை மண்கோட்டை. பேட்டையைச் சுற்றி மண்சுவர், அகழி, அதோடு அடர்ந்த முட்புதர் வேலி. செம்மண்ணில் எழுப்பிய சுவருக்குப் பீரங்கிக் குண்டு அவ்வளவு எளிதில் பயப்படாது. கல் சிதறும், மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். முள்வேலி ஆளைத் தடுக்கும், அதன் வேர் மண்ணைப் பிடிக்கும். செடியையும் மண்ணையும் சேர்த்துப் போட்ட பாதுகாப்பு அது. 1791 மார்ச் 7 அன்று காரன்வாலிஸின் படை பேட்டைக்குள் நுழைந்தது அல்சூர் வாசல் வழியாகத்தான். அங்கே மதராஸ் பீரங்கிப் படையின் லெப்டினன்ட் கர்னல் மூர்ஹவுஸ் செத்து விழுந்ததை ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் வரைந்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்து, மார்ச் 21இல் கோட்டையும் விழுந்தது. இன்று அல்சூர் கேட் என்ற பெயர் போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் மிச்சம். (அது அல்சூரிலேயே இல்லை, மாநகராட்சிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் ஆட்டோக்காரரிடம் ஏமாறும் இடம் இது.)

1809 வாக்கில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து படையை மாற்றி, அல்சூரை ஒட்டிக் கண்டோன்மென்ட் அமைத்தார்கள். கொத்தனார், சித்தாள், கூலி, வியாபாரி, பட்லர் என்று வட ஆற்காட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் தமிழர்கள் வந்து சேர்ந்தது அப்போதுதான். என் கொள்ளுத்தாத்தா வழியும் அப்படி வந்த கொத்தனார் குடும்பம்தான். 1780இல் தொடங்கிய மதராஸ் சேப்பர்ஸ் 1830களில் பெங்களூருக்கு வந்து ஏரிக்குப் பக்கத்திலேயே நிலைத்தார்கள். அவர்களுக்கு ராணுவத்தில் இன்றும் செல்லப்பெயர் 'தம்பி'. முள்கம்பி வேலியை வெடித்துத் திறக்கும் குழாய் வெடிக்கு உலகமெல்லாம் 'பெங்களூர் டார்பிடோ' என்று பெயர் வந்ததும் இவர்களால்தான். 1912இல் கேப்டன் மெக்ளின்டாக் இங்கே உருவாக்கியது. முள்வேலி மறுபடி வந்துவிட்டது பாருங்கள்.

இந்தத் தம்பிகளும் கொத்தனார்களும் கொண்டுவந்த சரக்குதான் சுண்ணாம்பு. சென்னையில் கடற்சிப்பியைச் சுட்டு, நீற்றி, கடுக்காய் வெல்லம் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி மினுக்குவார்கள். 'மதராஸ் சுனாம்' என்று வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதியது அதைத்தான். அதன் ஏழைச் சொந்தக்காரர்தான் செம்மண் சுவரின் மேல் பூசும் மண்ணும் சுண்ணாம்பும் கலந்த காரை. நோக்கம் ஒன்றே: மழைத் தண்ணீர் சுவருக்குள் போகக் கூடாது. மண்சுவருக்குத் தலையில் தொப்பியும் காலில் செருப்பும் இருந்தால் நூறு வருடம் நிற்கும் என்பது பழைய கணக்கு. தொப்பி, மேலே வைக்கும் ஓடு. செருப்பு, அடியில் கல் அஸ்திவாரம். சட்டை, இந்தச் சுண்ணாம்பு.

ஏன் தண்ணீர் போகக் கூடாது? அங்கேதான் விஞ்ஞானம் வருகிறது. கணக்கு வேண்டாம், புட்டு போதும்.

புட்டு மாவை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மாவைக் கையில் பிடித்தால் நிற்காது, உதிரும். தண்ணீர் தெளித்துப் பிசறிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கும். அதே மாவில் இன்னும் ரெண்டு கரண்டி தண்ணீர் விட்டால்? கூழ். நடுவில் இருந்த அந்தப் பிடிப்பு எங்கிருந்து வந்தது? மாவுத் துகள்களுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் காற்று. அந்தச் சின்னச் சின்னத் தண்ணீர்ப் பாலங்கள் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கின்றன. மண்ணிலும் இதேதான். இதை நாங்கள் உறிஞ்சுவிசை என்போம். நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் பாதி ஈரமான மண்ணுக்கு இதுதான் ரகசிய பலம். அல்சூரில் கடப்பாரையால் செங்குத்தாக வெட்டிய பள்ளம் கோடை முழுக்கப் பாறை மாதிரி நிற்பது இதனால்தான். மழை பெய்து இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பினால் பாலங்கள் மறைந்துவிடும், பிடிப்பும் போய்விடும். இந்திய அறிவியல் கழகத்தில் சுதாகர் ராவும் ரேவணசித்தப்பாவும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதே பெங்களூர்ச் செம்மண்ணை வைத்துத்தான்: கெட்டித்த மண்ணை ஈரப்படுத்தும்போது உறிஞ்சுவிசை குறைந்து அது எப்படிச் சுருண்டு உட்காருகிறது என்று அளந்தார்கள். உப்பாத சாது மண் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தச் சாதுவும் நனைந்தால் காலை வாரும்.

இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. 2017 ஆகஸ்டில் அம்மா ஃபோன் செய்தாள்.

"ஏன்டா கண்ணு, பக்கத்துல பழைய வீட்ட இடிச்சிட்டு அடியில கார் நிறுத்த பள்ளம் தோண்டறாங்க. நம்ம காம்பவுண்டு ஓரமாவே. நீ மண்ணு இஞ்சினீரு தானே, அது சரியா?"

"எவ்ளோ ஆழம்மா?"

"ஆளு எறங்கினா தல தெரியல. மேஸ்திரிகிட்ட கேட்டேன். இந்த மண்ணு கல்லு மாதிரிம்மா, ஒண்ணும் ஆவாதுன்னான்."

மேஸ்திரி பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அது கல் மாதிரிதான் இருந்திருக்கும். நான் அம்மாவிடம் மூன்று விஷயம் சொன்னேன். நம் பக்கத்துச் சந்தில் யாரும் நடக்க வேண்டாம், கதவைப் பூட்டிவிடு. தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவித்திருந்தால் அப்புறப்படுத்தச் சொல். வெட்டின முகத்துக்குத் தார்ப்பாய் போடச் சொல், முட்டுக் கொடுக்கச் சொல். முதலாவதை அம்மா அன்றைக்கே செய்துவிட்டாள். மற்ற இரண்டுக்கும் மேஸ்திரி சரிம்மா சரிம்மா என்று தலையாட்டியதோடு சரி. அந்த வருடம் பெங்களூருக்கு அதுவரை பதிவாகாத மழை. செப்டம்பரில் ஒரு ராத்திரி எங்கள் காம்பவுண்டு சுவர் பத்தடிக்குப் பள்ளத்துக்குள் போய்விட்டது. கூலிக்காரர்கள் பள்ளத்துக்குள் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தது சுவர் விழாத பக்கத்தில். பிழைத்தார்கள். இந்தியாவில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அஸ்திவாரப் பள்ளம் சரிந்து சாகிறவர்கள் யார் என்று செய்தித்தாளின் உள்பக்கங்களைப் பார்த்தால் தெரியும். ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள், பெயர் கூடச் சரியாக வராது. நாமும் பிழைக்க வந்தவர்கள்தான், கொஞ்சம் விமானத்தில் வந்தோம், அவ்வளவே வித்தியாசம்.

இப்போது ஹாங்காங். இங்கேயும் பாறை மட்கி ஆன மண்தான். கிரானைட்டும் எரிமலைப் பாறையும் மட்கியது. ஆனால் நிலம் செங்குத்து, மழை வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல், அதாவது பெங்களூரைப் போல இரண்டு மடங்கு. 1972 ஜூன் 18. மூன்று நாள் மழைக்குப் பிறகு ஒரே நாளில் இரண்டு இடம் சரிந்தது. சாவ் மாவ் பிங்கில் ஏழைகள் தங்கியிருந்த குடியிருப்பின் மேல் கொட்டி வைத்த மண்மேடு கூழாகி இறங்கி 71 பேர். போ ஷான் ரோட்டில் பணக்காரர்கள் இருந்த 12 மாடிக் கட்டடத்தைச் சரிவு அடித்துக்கொண்டு போய் 67 பேர். நான்கே வருடத்தில், 1976 ஆகஸ்ட் 25இல், அதே சாவ் மாவ் பிங்கில் மறுபடி 18 பேர். அதற்கப்புறம்தான் அரசு விழித்தது. 1977இல் சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் தொடங்கினார்கள். 1979இல் சரிவுக் கையேடு வந்தது. இன்று மனிதன் வெட்டியோ கொட்டியோ உண்டாக்கிய சரிவுகள் சுமார் 60,000 இங்கே பதிவேட்டில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வீட்டு எண் மாதிரி ஒரு எண் பலகை! பள்ளிக்கூடம் போகும் வழியில் என் பொண்ணு அதை வாசித்துக்கொண்டே போவாள்.

அந்த நாட்களில் சரிவைக் காப்பாற்ற எல்லாரும் கையில் எடுத்த ஆயுதம் நம் சுனாம்தான். கொஞ்சம் சிமெண்டு, கொஞ்சம் சுண்ணாம்பு, மீதியெல்லாம் அதே ஊர் மண். கலந்து சரிவு முழுக்கப் பூசிவிடுவது. தண்ணீர் உள்ளே போகாது, உறிஞ்சுவிசை தங்கும், மலை நிற்கும். அல்சூர் மண்சுவருக்குச் சட்டை போட்ட அதே புத்தி, மலை அளவுக்கு. இடையில் பெரிய மரம் இருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் விட்டுப் பூசியிருப்பார்கள். சாம்பல் நிறக் காரைக்கு நடுவில் கழுத்து இறுகியவன் மாதிரி மரம் நிற்கும். பழைய சரிவுகளில் இன்றும் பார்க்கலாம், பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும்.

சுனாமுக்கு ஒரு குணம் உண்டு. வெயிலில் வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் போகும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் காரைக்குப் பின்னால் தேங்கும். அதனால் வருடாவருடம் ஆள் வைத்துப் பார்த்துப் பூச வேண்டும். நம் வீடுகளில் பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பது வெறும் அழகுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம் இல்லையா? சுண்ணாம்பு என்றால் பராமரிப்பு. பராமரிக்காத சுண்ணாம்பு, இல்லாததைவிட ஆபத்து என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் பார்ப்பவனுக்குத் தைரியம் கொடுத்துவிடுகிறது.

1990களின் முடிவில் காற்று மாறியது. நகரமே சாம்பல் பூசிக்கொண்டிருக்கிறதே என்று மக்கள் முணுமுணுத்தார்கள். 2000இல் சரிவுகளுக்குப் பசுமை போர்த்தும் முறைகளுக்கென்றே அரசு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. செடி இரண்டு வேலை செய்கிறது. வேர்கள் மண்ணைத் தைக்கின்றன, கான்கிரீட்டுக்குள் கம்பி மாதிரி. இலைகள் வெயிலில் தண்ணீரை ஆவியாக்கி, வேர் வழியே மண்ணை உறிஞ்சி உறிஞ்சி உலர்த்துகின்றன. அதாவது உறிஞ்சுவிசையைத் தானே உண்டாக்குகின்றன. சுனாம் தண்ணீரை உள்ளே விடாமல் அதைக் காப்பாற்றியது, செடி உள்ளே வந்ததைக் குடித்துக் காப்பாற்றுகிறது. ஒரு நேர்மையான திருத்தமும் வேண்டும்: மூன்று நாள் விடாமல் கொட்டும் மழையில் செடி குடித்து மாளாது. அப்போது மிஞ்சுவது வேரின் தையல் மட்டும். அதனால் செடி வைத்தால் வடிகால் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தத் தையலில் உலகப்புகழ் பெற்றதுதான் வெட்டிவேர். அல்சூர் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடையில் கட்டுக் கட்டாகத் தொங்கும். பானைத் தண்ணீரில் போடுவோம், கோடையில் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்போம். அதோடு சரி. ஆனால் பெங்களூருக்குத் தெற்கே, மைசூர் தாண்டி, குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் அதை வயல் வரப்பில் வரிசையாக நட்டு, நூறு வருடத்துக்கும் மேலாக மண் அரிப்பைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். 1980களில் உலக வங்கிக்காக இந்தியாவில் வேலை செய்த ஜான் கிரீன்ஃபீல்டும் ரிச்சர்ட் கிரிம்ஷாவும் இதைக் கவனித்தார்கள். கிரீன்ஃபீல்டு ஏற்கெனவே 1950களில் ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களில் இதே புல்லை நட்டுப் பழகியவர். 1987இல் பச்சை அட்டை போட்ட ஒரு சின்னக் கையேடு வந்தது. பை அளவு. விவசாயி வயலில் எடுத்துப் படிக்கும்படி. உலகத்துக்கு இந்தப் புல்லைக் கொண்டுபோனது அதுதான். தாய்லாந்து மன்னர் பூமிபோல் அதைத் தன் சொந்தக் காரியமாக எடுத்துக்கொண்டார். 1996இல் முதல் சர்வதேச மாநாடு சியாங் ராயில் நடந்தது. மலேசிய நெடுஞ்சாலைச் சரிவுகளில் இதை நட்ட தித்தி ஹெங்சாவ்வனிச் என்ற பொறியாளர், வேரை இழுத்துப் பார்த்து அளந்தார்: சராசரி இழுவலிமை 75 மெகாபாஸ்கல். சாதாரண இரும்பில் ஆறில் ஒரு பங்கு. புல்லின் வேருக்கு!

வேர் பக்கவாட்டில் ஓடாது, மூன்று நான்கு மீட்டர் நேரே கீழே இறங்கும். அதனால் பக்கத்துப் பயிருடன் சண்டையில்லை. தென்னிந்திய வகை முளைக்கும் விதை வைக்காது. ஆகவே களையாகப் பரவாது, கையால் பிரித்து நட்டால்தான் உண்டு. 1990களின் கடைசியில் ராபர்ட் ஆடம்ஸ் குழுவினர் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, தெற்காசியாவுக்கு வெளியே நடப்பட்டிருப்பதில் பெரும்பகுதி ஒரே செடியின் பிரதிகள் என்று தெரிந்தது. யாரோ ஒருவர் எப்போதோ ஒரு கட்டு வேரைக் கப்பலில் ஏற்றியிருக்கிறார். அதன் பிள்ளைகள் பல கண்டங்களில் சரிவுகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. (நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பெயரைச் சுருக்கிக்கொள்கிறார்களே, அவர்களிடம் சொல்ல ஒரு நல்ல உதாரணம்.)

ஏரிக்கரைக்கு வருகிறேன். ஏரிக்கரையில் மரம் வைக்கலாமா? இதைக் கேட்காத ஊர்க்காரர் இல்லை. அல்சூர் ஏரி இரண்டாம் கெம்பே கௌடர் காலத்தது என்பார்கள். ஐம்பது ஹெக்டேர் பரப்பு, நடுவில் தீவுகள். பெங்களூரில் வற்றாத ஆறு கிடையாது, இருப்பதெல்லாம் ஓடையை மறித்து மண்கரை போட்ட ஏரிகளின் சங்கிலி. 1860களில் மைசூரின் தலைமைப் பொறியாளராக இருந்த சாங்கி, மதராஸ் எஞ்சினியர்ஸ்காரர், இந்த ஏரி வலையைப் பார்த்து, புதிதாக ஓர் ஏரி போட இடம் தேடுவதே கஷ்டம் என்ற பொருளில் எழுதி வைத்தார். இத்தனை மண்கரைகளும் கான்கிரீட் பார்க்காதவை. அவற்றைப் பிடித்து வைத்தது புல், கல் பாவிய உள்முகம், மழைக்கு முன்னால் ஊர்கூடி மண் போடும் வழக்கம்.

மண் அணைகளுக்கான இன்றைய விதி தெளிவானது: புல் நல்லது, பெரிய மரம் கெட்டது. உயிரோடு இருக்கும்போது மரம் கரையைப் பிடிப்பது உண்மை. ஆனால் செத்த பிறகு தடித்த வேர் மட்கி, கரைக்குள் குழாய் மாதிரி ஓட்டை விடும். அதில் தண்ணீர் கசிந்து, மண்ணை அரித்து, ஒருநாள் கரையையே உடைக்கும். புயலில் வேரோடு சாய்ந்தால் கரையில் ஒரு பள்ளத்தையும் எடுத்துக்கொண்டு போகும். அமெரிக்காவில் 2005இல் இதற்கென்றே ஒரு கையேடு போட்டார்கள். தமிழ்நாட்டு ஏரிக்கரைகளில் நம்மவர்கள் வைத்தது பனை. பனைக்கு ஆணிவேர் பருக்காது. கொத்துக் கொத்தாக, விரல் தடிமனில், ஆயிரக்கணக்கான வேர். மட்கினாலும் சின்ன ஓட்டைதான். பனையும் ஒரு வகையில் வெட்டிவேரின் தூரத்து உறவு, இரண்டும் ஒருவித்திலைத் தாவரம். அன்றைக்கு நட்டவருக்கு இந்தக் காரணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்தக் கரை உடைந்தது, எது நின்றது என்று நான்கு தலைமுறை பார்த்தால் போதும்.

பெங்களூர்த் தெரு மரங்களின் கதை வேறு. 1908இலிருந்து 1932 வரை லால்பாக்கைப் பார்த்துக்கொண்ட ஜெர்மன்காரர் க்ரும்பீகல், ஒரு மரம் பூத்து முடிக்கும்போது அடுத்தது பூக்கும்படி வரிசை போட்டவர். தூங்குமூஞ்சி மரங்களும் குல்மொஹரும் கண்டோன்மென்ட் முழுக்கக் குடை பிடித்தன. இப்போது ஒவ்வொரு ஏப்ரல், மே மாதத்திலும் கோடை இடியோடு பத்து மரமாவது விழுகிறது. காற்றைத் திட்டுகிறோம். ஒரு பக்கம் சாக்கடை தோண்டும்போது வேரை வெட்டியாயிற்று, இன்னொரு பக்கம் கேபிள், அடிமரம் வரைக்கும் சிமெண்டுப் பாவல். வெட்டுப்படாமல் மிஞ்சிய வேரும் மேலாகவே ஓடுகிறது. முதல் அரைமணி மழையில் அந்த மேல்மண் உறிஞ்சுவிசையை இழந்து கூழாகிறது, அதே நேரம் காற்று தலையில் தள்ளுகிறது. அல்சூர் வழியாக 2011 அக்டோபரில் மெட்ரோ ஓட ஆரம்பித்தது. அதற்கு முன்பே சி.எம்.எச். ரோட்டில் விழுந்த மரங்களுக்குக் காற்று பொறுப்பில்லை, ரம்பம்தான்.

லண்டன் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிரச்சினை தலைகீழ். லண்டன் களி உப்பிச் சுருங்கும் ஜாதி, மரம் அதை உலர்த்தினால் வீடு இறங்கும். 1971இல்தான் வீட்டுக் காப்பீட்டில் நிலம் இறங்குவதையும் சேர்த்தார்கள். 1976 வறட்சியில் விரிசல் விட்ட வீடுகளுக்குக் கேட்டவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். கியூ தோட்டத்தார் எந்த மரம் எந்த வீட்டை எவ்வளவு தூரத்திலிருந்து உடைத்தது என்று கணக்கெடுத்ததும் அந்தப் பத்தாண்டில்தான். ஓக், வில்லோ, பாப்லர் முன்வரிசை. 2022 கோடையில் 40 டிகிரி தாண்டியதே, அப்போதும் இதே கதை. சுவரில் விரிசல் கண்டதும் பதறிப்போய்ப் பழைய மரத்தை ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். குடிக்க ஆள் இல்லாமல் களி திரும்பத் தண்ணீர் ஏறி உப்பும், இறங்கிய வீடு இப்போது தூக்கும். நிபுணர் ஒருவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அல்சூருக்கு இப்போது இரண்டு பக்கமும் அடி. 2017 மழையை 2022 மிஞ்சியது. 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு தண்ணீர் லாரிக்கு அடிதடி. நீண்ட உலர்ச்சியில் மண் வெடிக்கிறது, காய்ந்த புல் சாகிறது. அதன் மேல் ஒரே நாளில் கொட்டும் மழை வெடிப்பு வழியாக நேரே ஆழத்துக்குப் போகிறது. சராசரி மழை மாறாவிட்டாலும் சரிவுகளுக்கு இது கெட்ட செய்தி. அல்சூர் ஏரிக்கரை இப்போது கல் பாவி, கம்பி வேலி போட்டு, நடைபாதையோடு இருக்கிறது. கரை உடையும் பயம் குறைவு. உள்ளே வருவதுதான் கெட்டுவிட்டது. 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்த படம் உங்களுக்கும் வந்திருக்கும். இந்த ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் பெல்லந்தூர், வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர்.

அம்மா வீட்டுக் காம்பவுண்டு 2018இல் திரும்ப எழும்பியது. பக்கத்து வீட்டுக்காரர் பாதிச் செலவு கொடுத்தார். இந்த முறை சுவரை ஒட்டித் தண்ணீர் வடிய ஒரு கால்வாயும், சுவருக்கு அடியில் தண்ணீர் வெளியேறத் துளைகளும் வைக்கச் சொன்னேன். சந்து ஓரத்தில் அம்மா தானாகவே ஒரு வரிசை வெட்டிவேர் வைத்திருக்கிறாள். பானைக்கு ஆகும் என்பது அவள் காரணம்.

உங்கள் ஊர் ஏரிக்கரையில் என்ன நட்டிருந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுச் சொல்லுங்களேன். பனை என்று பலர் சொல்வீர்கள், தெரியும். வேறு ஏதாவது, குறிப்பாகப் புல் வகை, பெயரோடு கிடைத்தால் அடுத்து ஒன்று எழுத வேண்டும்.